எடை போடும் முன் வீச்சைப் பாருங்கள்

கேள்வி: அணு, ரசாயன, உயிரியல் ஆயுதங்கள் பரவாமல் தடுக்கும் ராணுவச் சாதனங்களை ஒப்பிடும்போது, அளவுகோல்களுக்கு முக்கியத்துவம் பார்த்து எடை தருகிறார்கள். சரியா?

பதில்: சரியல்ல. முடிவுப் பகுப்பாய்வில், அதாவது பல வழிகளை எண்களால் ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையில், அடிக்கடி நடக்கும் பிழையே இதுதான். விரைவு முக்கியம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் போட்டியில் உள்ள சாதனங்கள் எல்லாமே 10 முதல் 11 மணி நேரத்தில் வேலையை முடிக்கும் என்றால், அந்த ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு, அதாவது அவ்வளவு சிறிய வீச்சுக்கு, பெரிய எடை எதற்கு?

அதிகாரிகளிடம் இப்படிக் கேளுங்கள்: “எல்லா அளவுகோலும் அடிமட்டத்தில் கிடக்கின்றன. ஒன்றை மட்டும் உச்சத்துக்குக் கொண்டுபோகலாம். எதைத் தூக்குவீர்கள்?” முதலில் தூக்குவதற்கு 100, மற்றவற்றை அதோடு ஒப்பிட்டுக் குறையுங்கள். ஒரு மாதிரிக் கணக்கு: தாக்கும் திறன் 100, விரைவு 60, நச்சுக் கசிவைத் தவிர்ப்பது 40. மொத்தம் 200, ஆகவே எடைகள் 0.50, 0.30, 0.20.

இனி ஒவ்வொரு சாதனத்துக்கும் அதே வரிசையில் 0 (மோசம்) முதல் 1 (சிறப்பு) வரை மதிப்பு கொடுத்து, எடையால் பெருக்கிக் கூட்டுங்கள். ‘அ’ சாதனத்தின் மதிப்புகள் 0.9, 0.4, 0.2 என்றால் மொத்தம் 0.61. ‘ஆ’ சாதனத்துக்கு 0.6, 0.7, 0.6, மொத்தம் 0.63. உடனே ‘ஆ’வைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள்! மற்ற இரண்டின் விகிதத்தை மாற்றாமல் முதல் எடையை மட்டும் 0.50லிருந்து ஏற்றிப் பாருங்கள். 0.53ஐத் தாண்டியதும் ‘அ’ முந்திவிடுகிறது. இவ்வளவு சிறிய நகர்விலேயே முடிவு புரண்டால், அந்த எடையைப் பற்றி மறுபடி உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும்.

கேள்வி: விலையையும் ஓர் அளவுகோலாகச் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். மதிப்பு ஓர் அச்சில், விலை இன்னொரு அச்சில் இருக்கட்டும். அதிக விலையில் குறைந்த மதிப்பு தரும் சாதனம் தானாகக் கண்ணில் படும்.

கேள்வி: கண்டுபிடித்தல், அடையாளம் காணுதல், அழித்தல் மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண் போட்டுக் கூட்டலாமா?

பதில்: கூட்டக் கூடாது. இவை சங்கிலியின் கண்ணிகள். ஒன்று அறுந்தால் எல்லாம் போச்சு. நிகழ்தகவுகள் 0.1, 0.9, 0.9 என்று வையுங்கள். சராசரி 0.63 என்று அழகாகத் தெரியும். பெருக்கினால் வருவது 0.081தான். இந்தப் பெருக்குத்தொகையை ஒரே அளவுகோலாக்கி, அதன் பிறகே மற்றவற்றோடு கூட்டுங்கள்.

1991 வளைகுடாப் போரில் வான்படைக்கு அழிக்கும் திறனில் குறையே இல்லை. ஆனால் ஈராக்கின் அணுத்திட்டம் எவ்வளவு பரந்தது என்பது, போர் முடிந்து சர்வதேச ஆய்வாளர்கள் நேரில் போன பிறகுதான் தெரிந்தது. அறுந்தது முதல் கண்ணி.