நுங்குக் கோம்பைச் சில்லு

கேள்வி: முன்பள்ளியில் நாலு வயதுப் பிள்ளைகளுக்கு வாகனப் படங்களைக் காட்டினால் பெயரை மட்டும் ஒப்புவிக்கிறார்கள். வேறு என்ன செய்யலாம்?
- ஓர் ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: படங்களைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள் டீச்சர். நுங்குக் கோம்பை இரண்டைத் தடியில் கோர்த்து, கவைத்தடியால் தள்ள விடுங்கள். துளையும் கவையும் இறுக்கமாக இருந்தால் சில்லு சுழலாமல் இழுபடும், அது ஏன் என்று பிள்ளையே தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும், நீங்கள் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அப்புறம் ஒரு பேசினில் தண்ணீர். சிரட்டைதான் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு போகும் படகு, புளியங்கொட்டைகள் ஆட்கள். எல்லாரையும் ஒரே பக்கம் ஏற்றினால் படகு சரியும், பிள்ளைகள் கத்திக்கொண்டே மாற்றி அடுக்குவார்கள். கதிரைகளை வரிசையாக வைத்தால் யாழ்தேவி ரயில் தயார். புளியங்கொட்டையை வாயிலோ மூக்கிலோ போட்டுவிடுவார்கள், பக்கத்திலேயே இருங்கள்.