பாரிசுக்குக் கடை பார்க்கப் போகும் திருப்பூர் மெர்ச்சண்டைசர் எந்தப் பிரெஞ்சுச் சொற்களைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

கேள்வி கேட்டவர் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனிப்பவராக, இருக்கிறார். பையரை, அதாவது ஆடை வாங்கும் நிறுவனத்தாரைச் சந்திக்கவும் கடைகளைச் சுற்றிப் பார்க்கவும் முதல் முறையாகப் பாரிசுக்குப் போக இருப்பதால், கடை, விலை, துணி தொடர்பான ஆங்கிலச் சொற்களுக்கு நேரான பிரெஞ்சுச் சொற்களின் பட்டியல் கிடைக்குமா என்றும், அங்கே ஆங்கிலமே போதாதா என்றும் கேட்டிருக்கிறார். பிரெஞ்சுப் பையர்களின் ஆர்டர்களைப் பல ஆண்டுகள் கையாண்டு, அதே வேலையாக அங்கே போய் வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். பையரின் அலுவலகத்திலும் பாரிசின் பெரிய கடைகளிலும் ஆங்கிலம் போதும். தெருமுனை ரொட்டிக் கடையிலும், சிறிய துணிக்கடையிலும், கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளைப் படிக்கவும் அது போதாது. உங்கள் வேலையோ பெரும்பாலும் அந்தக் கண்ணாடிகளையும், அவற்றுக்குள் தொங்கும் துணிகளின் அட்டைகளையும் படிப்பதுதான். ஆனால் ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு அகர வரிசைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆங்கிலச் சாயலில் இருக்கும் பிரெஞ்சுச் சொற்களில் பல வேறு பொருள் தருபவை. தவிர, அங்கே கடைகள் பிரிந்திருக்கும் விதமே நம்முடையதிலிருந்து மாறுபட்டது. பெயர்ப்பலகை, கல்லா முன் நடக்கும் பேச்சு, துணியில் தொங்கும் அட்டை என்று இடவாரியாகக் கற்றுக்கொண்டால் சில வாரங்களில் தேவையானது கைக்கு வந்துவிடும். இங்கே தமிழெழுத்தில் தருபவை ஏறத்தாழ அமைந்த உச்சரிப்புகள். 'ஜ' வரும் இடங்களில் அங்கே ஒலி இன்னும் மெல்லியதாக இருக்கும்.

பெயர்ப்பலகைகளில் பெரும்பாலானவை 'ரி' என்ற ஒலியில் முடியும். பூலான்ஜெரி என்பது ரொட்டிக் கடை; பத்திஸ்ரி கேக், இனிப்பு வகைகளுக்கானது; பூஷ்ரி இறைச்சிக் கடை; புவாஸோன்ரி மீன் கடை; எபிஸ்ரி நம் மளிகைக் கடை. இவற்றில் பூலான்ஜெரி மட்டும் சற்று விளக்கம் கேட்கும் சொல். கோவையிலும் திருப்பூரிலும் பேக்கரி என்றால் தேங்காய் பன்னும் பப்ஸும் டீயும் கிடைக்கும் இடம், நின்றபடி அரை மணி நேரம் பேசுவதற்கான இடமும்கூட. ரொட்டி எங்கே சுடப்பட்டது என்று இங்கே யாரும் விசாரிப்பதில்லை. பிரான்சில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாவைப் பிசைவது முதல் சுடுவது வரை அதே இடத்தில் செய்து, எந்தக் கட்டத்திலும் உறையவைக்காமல் விற்பவர் மட்டுமே அந்தப் பெயரைப் பலகையில் போட்டுக்கொள்ளலாம். வேறிடத்திலிருந்து வாங்கி விற்பவரின் கடை 'தெப்போ த பேன்', அதாவது ரொட்டி விற்கும் இடம் மட்டுமே. டீ வேண்டுமானால் கஃபேயைத் தேட வேண்டும்.

லிப்ரேரி என்ற பலகையைக் கண்டு நூலகம் என்று நுழைந்துவிட வேண்டாம். அது புத்தகக் கடை, நூலகத்துக்குப் பிப்லியோதேக் என்று பெயர். புத்தகக் கடையில் பேரம் பேசியும் பயனில்லை, ஏனென்றால் 1981இல் வந்த சட்டம் பதிப்பாளர் வைத்த விலையிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் புதுப் புத்தகத்துக்குத் தள்ளுபடி தர விடுவதில்லை. த்ரோக்ரி என்பது மருந்துக் கடையைப் போல ஒலித்தாலும், அது பெயின்ட், துப்புரவுப் பொருள், வீட்டுச் சாமான் விற்கும் கடை. காய்ச்சல் மாத்திரைக்குப் பச்சைச் சிலுவை விளக்கு எரியும் ஃபார்மசிக்குத்தான் போக வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் பாரசிட்டமால் விற்க அனுமதி இல்லை. சிவப்புச் சாய்சதுரப் பலகை தொங்கும் தபா புகையிலைக் கடை என்றாலும் தபால்தலையும் அங்கே வாங்கலாம். மெர்ஸ்ரி என்பது பொத்தான், நூல், ஜிப், எலாஸ்டிக் விற்கும் கடை. அக்சஸரீஸ் பார்க்கும் நண்பர் உடன் வந்தால் அவரை அங்கிருந்து வெளியே இழுப்பது கடினம். கதவில் 'பூஸே' என்றிருந்தால் தள்ளவும், 'தீரே' என்றிருந்தால் இழுக்கவும். 'ஊவேர்' திறந்திருக்கிறது, 'ஃபெர்மே' மூடியிருக்கிறது.

இனி உங்கள் தொழிலுக்கு வருகிறேன். பின்னலாடைத் தொழிலுக்குப் பிரெஞ்சில் பொன்னெத்ரி என்று பெயர்; பாரிசுக்குத் தென்கிழக்கே இருக்கும் த்ருவா நகரம் அதற்குப் பேர்போனது. ஆலைகள் பெருமளவு குறைந்த பின்னும், அந்த ஊரின் 'மகஸேன் துய்ஸின்' எனப்படும் ஆலைநேர் கடைகளுக்கு மக்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். எக்ஸ்போர்ட் மிச்சத்தை வாங்கத் திருப்பூரில் நம் காதர்பேட்டைக்கு வெளியூர்க்காரர்கள் வருவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தக் கூட்டம் புதிதாகத் தோன்றாது.

ஆடைப் பெயர்களில்தான் ஆங்கிலம் தெரிந்தவர் அதிகம் தடுமாறுவார். வெஸ்த் என்பது பனியன் அன்று, மேல்கோட்டு. நம் பனியனுக்கு 'மயோ த கோர்' என்று பெயர். முண்டா பனியனை 'மார்செல்' என்றோ 'தெபார்தர்' என்றோ சொல்வார்கள். ஸ்லிப் என்பது பெண்களின் உள்பாவாடை அன்று, சாதாரண ஜட்டி. ரோப் என்பது கவுன், ஷெமீஸ் ஆண்களின் சட்டை, ஷெமிஸியே பெண்களின் சட்டை. பாஸ்கெத் கூடையைக் குறிக்காமல் ஓட்டக் காலணியைக் குறிக்கும். ஜோகிங் என்றால் ட்ராக் பேன்ட். குழந்தைகளுக்கான, அடியில் பட்டன் வைத்த ஆடையை 'பொதி' என்கிறார்கள். கால் மூடிய தூக்க உடைக்குத் தவளையிலிருந்து பிறந்த 'க்ரெனுயேர்' என்ற பெயர் இருக்கிறது. ஆடையின் விவரங்களைக் குறிக்கும் டெக் பேக்கில் பிரெஞ்சுப் பெயர் மட்டும் எழுதி அனுப்பும் பையர்கள் இன்னும் இருப்பதால், இந்தப் பத்தியை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

துணியைத் திருப்பி உட்பக்கம் பார்த்தால் இடது ஓரத் தையலில் ஒரு வெள்ளை லேபிள் இருக்கும். அதில் 'கொத்தோன்' என்றால் பருத்தி, 'லேன்' என்று இழுத்துச் சொல்வது கம்பளி, அதே 'லேன்' மூக்கொலியில் குறுகி முடிந்தால் லினன், 'சுவா' பட்டு, 'எலாஸ்தான்' நாம் லைக்ரா என்று சொல்லிப் பழகியது. கம்பளியும் லினனும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதால் எழுத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு ஜவுளி விதிப்படி, இழையின் பெயர் பொருள் விற்கப்படும் நாட்டின் மொழியில் இருக்க வேண்டும். பிரான்சில் 1994ஆம் ஆண்டு மொழிச் சட்டமும் பொருளின் விவரங்கள் பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்கிறது. நம் லேபிள் அச்சகங்களில் பத்து மொழிகளில் நீளும் அந்த நாடாவுக்குக் காரணம் இதுதான். அளவுக்கு 'தாய்' என்ற சொல். காலணி அளவுக்கு மட்டும் 'ப்வேன்த்யூர்' என்று தனிச் சொல். பெண்கள் ஆடையில் பிரெஞ்சு 38 என்பது ஜெர்மனியின் 36, இங்கிலாந்தின் 10. இதை நீங்கள் முன்பே அறிந்திருப்பீர்கள்.

கடைக்குள் நுழைந்தவுடன் 'பொன்ஜூர்' என்று சொல்லியே ஆக வேண்டும். நம் கடைவீதியில் 'வாங்கண்ணா' என்று அழைப்பது கடைக்காரர் பொறுப்பு. வருபவர் பேசாமல் நுழைந்தாலும் யாரும் தவறாக நினைப்பதில்லை. அங்கே முகமன் சொல்லாமல் நேராக விலை கேட்பவரை மரியாதை தெரியாதவர் என்றே எண்ணுவார்கள், அதன்பின் ஆங்கிலம் தெரிந்தவரும் தெரியாதவராகிவிடுவார். மெர்ச்சண்டைசர்களான நாம் துணியைப் புரட்டி, ஓரத்து ஓவர்லாக் தையலை இழுத்துப் பார்த்து, கழுத்து ரிப்பை விரலால் அளப்பதைப் பார்த்தால் விற்பனையாளர் கட்டாயம் அருகில் வருவார். 'ஜ பு வூ ஸெதே?' என்பது உதவலாமா என்ற கேள்வி. 'ஜ ரெகார்த், மெர்சி' என்று சொன்னால், பார்த்துக்கொண்டிருக்கிறேன், நன்றி என்று பொருள். படம் எடுப்பதற்கு முன் 'ஜ பு ப்ராந்த்ர் யுன் ஃபொத்தோ?' என்று கேட்டுவிடுங்கள். மறுத்தால் சாம்பிளாக ஒன்றை வாங்கிவிடுவதே வழி. போட்டுப் பார்க்கும் அறை 'காபின் தெஸேயாஜ்'. ரொட்டிக் கடையில் கேட்டதை எடுத்து வைத்துவிட்டு 'அவெக் செசி?' என்பார்கள், இதோடு வேறு என்ன வேண்டும் என்று பொருள். போதுமென்றால் 'ஸ ஸ்ரா தூ, மெர்சி'.

'சோல்த்' என்ற பெரிய எழுத்தைக் கண்ணாடியில் கண்டால் சற்று நின்று பாருங்கள். அது வெறும் தள்ளுபடி அறிவிப்பு அன்று, சட்டம் காவல் காக்கும் சொல். நமது ஆடித் தள்ளுபடியை வழக்கம்தான் நடத்துகிறது. எந்தக் கடையும் எந்த மாதத்திலும் அப்படி ஒரு பலகை தொங்கவிடலாம். பிரான்சில் பெரும்பாலான பகுதிகளில் ஜனவரியின் இரண்டாம் புதன்கிழமையை ஒட்டியும் ஜூனின் கடைசிப் புதன்கிழமையை ஒட்டியும் தொடங்கி, நான்கு வாரங்கள் மட்டுமே அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம். 2020க்கு முன் அது ஆறு வாரமாக இருந்தது. அந்தக் காலத்தில் நட்டத்துக்கு விற்கவும் அனுமதி உண்டு, அதுவும் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே கடையில் விற்பனைக்கு வைத்து, பணமும் கொடுத்து முடித்த சரக்குக்கு மட்டும். மற்ற நாட்களில் 'ப்ரொமோசியோன்' என்று எழுதிக்கொள்ளலாம். வாரம் போகப்போக 'தூசியெம் தெமார்க்', 'தெர்னியேர் தெமார்க்' என்று இரண்டாம், கடைசிக் குறைப்புகள் வரும். எந்த ஸ்டைல் கடைசிக் குறைப்புவரை ரேக்கில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று குறித்துவந்தால், அடுத்த சீசன் பேச்சுக்கு அதைவிடப் பயனுள்ள தகவல் வேறில்லை. போகும் தேதி உங்கள் கையில் இருந்தால் அந்த வாரங்களைத் தேர்ந்தெடுக்கும்படி உங்கள் முதலாளியிடம் சொல்லிப் பாருங்கள்.

பணம் தொடர்பாகச் சில சொற்கள் போதும். கல்லாவுக்குக் கேஸ், ரொக்கத்துக்கு எஸ்பேஸ் அல்லது லிகித், சில்லறைக்கு மொனே. பணம் என்ற பொதுச் சொல் அர்ஜான். கடையில் கொடுப்பது 'திக்கே த கேஸ்'. 2023 ஆகஸ்டு முதல் அதைத் தானாக அச்சிட்டுத் தருவதில்லை, செலவுக் கணக்குக் காட்ட வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். உணவகத்தின் பில்லுக்கு அதிசியோன் என்று பெயர். விலை அட்டையில் காற்புள்ளியே தசமப் புள்ளி. எழுபதிலிருந்து எண்கள் கூட்டுக் கணக்காக மாறும்: 89 என்பதை நான்கு இருபது, ஒன்பது என்னும் பொருளில் 'கத்ர் வேன் நெஃப்' என்பார்கள். காதால் பிடிக்க முடியாவிட்டால் கல்லாத் திரையைப் பாருங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

சாதாரணத் துணிக்கடையில் எழுதியிருக்கும் விலை 20 சதவீத வரியையும் சேர்த்தது. பாரிசின் சான்தியே பகுதியில் இருப்பதைப் போன்ற மொத்த விற்பனைக் கடைகளிலோ வரி சேர்க்காத விலையை 'ஓர் தாக்ஸ்' என்று குறித்திருப்பார்கள். அந்த இரண்டையும் ஒப்பிட்டு பையரின் லாபத்தைக் கணக்கிட்டால் கணக்குத் தப்பும். முன்பணம் கொடுக்க நேர்ந்தால் அது 'ஆர்' என்பதா 'அகோன்த்' என்பதா என்று பாருங்கள். முன்னது நம் அச்சாரம்: வாங்குபவர் பின்வாங்கினால் அதை இழப்பார், விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். பின்னது முதல் தவணை, அதைக் கொடுத்தபின் யாரும் சும்மா விலக முடியாது. பொருளைத் திருப்பிக் கொடுத்தால் 'எஷான்ஜ்' மாற்றிக்கொள்வது, 'ரான்பூர்ஸ்மான்' பணம் திரும்பப் பெறுவது, 'அவ்வார்' அதே கடையில் செலவழிக்க ஒரு சீட்டு. இணையத்தில் வாங்கினால் பெரும்பாலான பொருள்களைத் திருப்பிவிட 14 நாள் உரிமை உண்டு. கடைக்கு நேரில் போய் வாங்கியதற்கு அது கடைக்காரர் விருப்பம்.

வீட்டுக்கு ஏதேனும் வாங்கினால் 'தெதாக்ஸ்' என்ற சொல்லை மறக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். கல்லாவில் பணம் கட்டும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவத்தைக் கேளுங்கள். விமான நிலையத்தில் பெட்டியைச் செக்-இன் செய்வதற்கு முன்பே அதற்கான இயந்திரத்தில் படிவத்தின் பார்கோடைக் காட்டிப் பதிவு செய்துவிடுங்கள். சுங்க அதிகாரி பொருளைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் அது பெட்டிக்குள் உங்களிடமே இருக்க வேண்டும்.