கட்டுரையில் வாக்கியங்கள் ஒட்டாமல் துண்டு துண்டாக நிற்கின்றன. இணைப்புச் சொற்களை எப்படிப் பயன்படுத்துவது?

‘துண்டு துண்டாக இருக்கிறது’ என்று யாரோ சொல்லியிருப்பார்கள். நீங்களும் ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் ஒரு ‘மேலும்’, ஒரு ‘எனவே’ வைத்துப் பார்த்திருப்பீர்கள். அப்படியும் ஒட்டியிருக்காது. தமிழில் இணைப்பு பெரும்பாலும் தலையில் இல்லை, வினையின் வாலில் இருக்கிறது. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது.

14 ஆண்டுகளாக மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு. ஒருமுறை மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள் ஒன்று வந்தது. சொல்லுக்குச் சொல் போட்டால் இப்படி இருக்கும்: “மாத்திரையை விழுங்கவும். பின்னர் அரை மணி நேரம் காத்திருக்கவும். அதன் பிறகு நீங்கள் உணவு உண்ணலாம்.” நான் எழுதியது: “மாத்திரையை விழுங்கி அரை மணி நேரம் கழித்துச் சாப்பிடலாம்.”

சரிபார்த்தவர் சிவப்பு அடித்துத் திருப்பி அனுப்பினார். ‘பின்னர்’ விடுபட்டது, ‘அதன் பிறகு’ விடுபட்டது, ஆக இரண்டு பிழை. அடுத்த வரி, “வலி குறைந்தாலும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.” அதில் ‘இருப்பினும்’ எங்கே என்று ஒரு கேள்வி. ‘குறைந்தாலும்’ என்பதில் இருக்கும் ‘ஆலும்’தான் ஐயா அந்த ‘இருப்பினும்’ என்று விளக்கி எழுதினேன். பதிலே இல்லை. மூன்று பிழை என்ற கணக்கு மட்டும் என் பெயருக்கு நேரே நின்றது. அந்த வேலைக்குப் பணம் ஏழு மாதம் கழித்து, நான்கு முறை கேட்ட பிறகுதான் வந்தது. வேலை மட்டும் நாளைக் காலைக்குள் வேண்டும்! தனியாக வேலை செய்பவர்களை இப்படி நடத்துவது சரியே இல்லை. போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

போய், போனால், போனாலும், போனதால், போவதற்குள், போகப் போக. ஒரே வினை, ஆறு விதமான இணைப்பு. ‘உம்’ ஒன்றுக்கே தொல்காப்பியம் எட்டுப் பொருள் சொல்கிறது, எண்ணி அடுக்குவது அதில் ஒன்றுதான். “அரிசியும் பருப்பும்” என்று சொன்னால் முடிந்தது, நடுவில் ‘மற்றும்’ எதற்கு? உடனே சண்டைக்கு வராதீர்கள், ‘மற்றும்’ எழுதுவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. நீண்ட பெயர்ப் பட்டியலிலும் சட்ட ஆவணத்திலும் நானும் எழுதுகிறேன். நான் தமிழாசிரியரும் இல்லை, தினமும் எழுதிப் பார்த்ததைச் சொல்கிறேன்.

தனிச்சொல் தேவைப்படுவது பேச்சு திரும்பும் இடத்தில். அங்கேயும் கவனம் வேண்டும். “அவர் கண்டிப்பானவர், ஆனால் அன்பானவர்” என்று எழுதினால் மனதில் நிற்பது அன்பு. “அன்பானவர், ஆனால் கண்டிப்பானவர்” என்றால் நிற்பது கண்டிப்பு. ‘ஆனால்’ தனக்குப் பின்னால் வருவதற்குத்தான் எடை கொடுக்கும். ‘எனவே’ இன்னும் பொல்லாதது. “அவர் நிறையப் படித்தவர். எனவே அவர் சொல்வது சரி.” இதில் காரணமே இல்லை. படித்தவர் தவறாகச் சொல்ல மாட்டாரா? அந்த ஓட்டையை ‘எனவே’ மூடி மறைத்துவிடுகிறது.

நான் செய்வது இதுதான். எழுதி முடித்ததும் வாக்கியத் தலையில் இருக்கும் ‘மேலும்’, ‘எனவே’, ‘இருப்பினும்’ எல்லாவற்றையும் அடித்துவிட்டு வாய்விட்டுப் படிப்பேன். பாதி இடங்களில் ஒன்றும் குறையாது. தடுக்குகிற இடத்தில் முந்தைய வினையின் முடிவை மாற்றிப் பார்ப்பேன். அதற்கும் சரிவராவிட்டால்தான் அடித்த சொல் திரும்ப வரும். அப்புறமும் ஒட்டாத இடம் ஒன்றிரண்டு இருக்கும். அங்கே எந்தச் சொல்லைப் போட்டாலும் நிற்காது, ஏனென்றால் இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் வரவேண்டிய ஒரு வாக்கியத்தையே நான் எழுதியிருக்க மாட்டேன். என் கட்டுரைகளில் அப்படி விட்டுப்போவது பெரும்பாலும் காரணம்தான்.