வாசகர் கேள்வி பதில்: டேபிள் மவுண்டன் ஏறப் போகிறீர்களா?

டிசம்பரில் நான்கு நாள் கேப் டவுனில் இருப்போம். டேபிள் மவுண்டனுக்கு எந்த நாளை ஒதுக்கலாம்? நல்ல வெயில் நாளில்கூட ரோப் கார் ஓடாது என்கிறார்களே, ஏன்?
- வாசகி, கோவை

நாளை முன்கூட்டியே ஒதுக்காதீர்கள். மலை தெளிவாகத் தெரியும் முதல் காலையிலேயே போய்விடுங்கள். கடைசி நாளுக்குத் தள்ளி வைப்பவர்களில் பலர் அடிவாரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

மழையைவிடக் காற்றுதான் ரோப் காருக்கு எதிரி. டிசம்பர் அங்கே கோடைக்காலம். தென்கிழக்குக் காற்று பலமாக வீசுவதும் அப்போதுதான். கடல் ஈரத்தோடு வரும் காற்று மலைமேல் ஏறும்போது குளிர்ந்து, தட்டையான உச்சியில் மேகமாக விரியும். நகரத்துப் பக்கம் வழிந்து இறங்கி, பாதியிலேயே கரைந்துவிடும். அதனால் கீழே பளீரென்று வெயில் அடிக்கும்போதே மேலே பத்தடி தூரம்கூடத் தெரியாமல் போகலாம். ஹோட்டலை விட்டுக் கிளம்பும் முன் ரோப் கார் இணையதளத்தைப் பாருங்கள், ஓடுகிறதா இல்லையா என்று போட்டிருக்கும். (ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் பராமரிப்புக்காக நிறுத்தும் நாட்களையும் பார்த்துக்கொள்ளவும்.)

1929-ல் தொடங்கிய சேவை இது. இப்போதைய வண்டிகள் 1997-ல் வந்தவை. 65 பேர் ஏறலாம், ஐந்து நிமிடத்துக்குள் மேலே போய்விடும். ஜன்னலோரத்துக்கு முண்டியடிக்க வேண்டாம். தரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதால் எல்லாருக்கும் எல்லாப் பக்கமும் தெரியும். சுவர் சுற்றாது, அதில் சாய்ந்து நின்றால் கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் இழுக்கும்.

நடந்து ஏறி ரோப் காரில் இறங்க முடியுமா? வயது 48, மலையேறிப் பழக்கமில்லை.
- வாசகர், திருச்சி

முடியும், ஒருவழி டிக்கெட் உண்டு. பிளாட்டெகிலிப் கார்ஜ் பாதையில் போங்கள். கீழ் நிலையத்தைத் தாண்டி டாஃபெல்பெர்க் சாலையிலேயே சுமார் ஒன்றரை கிலோமீட்டர் போனால் பாதை தொடங்கும். வழி தப்பாது, ஆனால் முழுக்கக் கற்படி ஏற்றம். இரண்டரை முதல் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சூரியன் வடக்கு வானில் சாயும், இந்தப் பாதையும் வடக்குப் பார்த்தது. ஒன்பது மணிக்கு மேல் கிளம்பினால் பாறையே அனலாக அடிக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, மேலே போட ஒரு காற்றுத்தடுப்பு ஜாக்கெட் வேண்டும். மேலே ஏறியதும் வலப்பக்கம் திரும்பினால் கால் மணி நேரத்தில் ரோப் கார் நிலையம். இடப்பக்கம் போனால் 1,086 மீட்டர் உச்சியான மக்ளியர்ஸ் பீக்கன், ஏறக்குறைய ஒரு மணி நேர நடை.

இந்தியா வென்ஸ்டர் பாதை வேண்டாம். பெயரைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். சங்கிலியைப் பிடித்துப் பாறை ஏற வேண்டிய இடங்கள் அதில் உண்டு. தனியாகவும் போகாதீர்கள், ஒதுக்குப்புறமான பாதைகளில் வழிப்பறி நடக்கிறது. நாலு பேராகப் போவது நல்லது.

மேலே இருக்கும்போது ரோப் கார் நின்றுவிட்டால்?
- வாசகி, மதுரை

காற்று வலுத்தால் சங்கு ஊதுவார்கள். "இன்னும் ஒரே ஒரு போட்டோ" என்று நிற்காமல் உடனே நிலையத்துக்கு வந்து வரிசையில் நில்லுங்கள். நின்றுவிட்டால் நடந்துதான் இறங்க வேண்டியிருக்கும், அதனால் மூட்டுவலி உள்ளவர்கள் சங்குக்காகக் காத்திருக்கவே வேண்டாம். உச்சியில் மேகம் படரத் தொடங்கியதுமே இறங்கிவிடலாம்.