மீட்ட நாய்க்குட்டியை ஒரு மாதம் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருக்கிறது, சரிவருமா?

வரும். ஆனால் முதல் 14 நாள் குட்டியும் உங்கள் நாயும் முகம் பார்க்கவே கூடாது. தெருக்குட்டி துள்ளிக் குதித்தாலும் பார்வோ வைரஸ் உள்ளே இருக்கலாம். தொற்றிய பெரும்பாலான குட்டிகளுக்கு 3 முதல் 7 நாளிலும், சிலவற்றுக்கு 14 நாள் வரை கழித்தும்தான் வாந்தியும் ரத்தபேதியும் தொடங்கும். தனி அறை இல்லையா, ஒரு குளியலறை போதும். தட்டு, துடைப்பம், செருப்பு எல்லாம் தனி. முதலில் உங்கள் நாய்க்குச் சோறு, அப்புறம்தான் குட்டிக்கு. உங்கள் நாயின் ஊசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள்.

கோட்டை விடுவது தரை துடைப்பதில்தான். பினாயிலுக்குப் பார்வோ அசையாது. ப்ளீச் திரவம் 1 பங்கு, தண்ணீர் 30 பங்கு. குட்டியை வெளியே எடுத்துவிட்டு, சோப்புப் போட்டு அழுக்கைக் கழுவிய பிறகு இதை ஊற்றி 10 நிமிடம் காயாமல் ஊற விடுங்கள். அழுக்கின் மேல் நேரே ஊற்றினால் வீரியம் போய்விடும். ஆசிட்டோடு கலந்தால் விஷப்புகை. "பினாயில்தான் போட்டோம், ஒன்றும் ஆகவில்லை" என்று வருபவர்களுக்கு: உங்கள் குட்டிக்குப் பார்வோ இல்லை, அவ்வளவுதான்.

மாட்டுப்பால் வேண்டாம், வயிற்றால் போகும். ஆறு வாரத்துக் குட்டிக்கு, எலும்பெடுத்த வெந்த கோழியைச் சோற்றோடு குழையப் பிசைந்து நாளைக்கு 4 வேளை கொடுங்கள். வெங்காயம் போட்ட குழம்பு ஆகாது.

புழு மருந்து எடைக்கேற்ற அளவு. சமையலறைத் தராசில் ஒரு டப்பா வைத்து, குட்டியை அதில் உட்காரவைத்து நிறுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். 12 வாரம் ஆகும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மறுநாள் இடியாப்பம் போல் புழு வந்தால் பதற வேண்டாம், மருந்து வேலை செய்கிறது. தடுப்பூசி 6-8 வாரத்தில் ஆரம்பித்து, 3-4 வார இடைவெளியில் 16 வாரம் வரை. ஒரு ஊசியோடு நிறுத்தினால் பாதுகாப்பை நம்ப முடியாது. ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில்.

குட்டிப்பல் ஊசி மாதிரி இருக்கும். கீறி ரத்தம் வந்தால் குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரி. "குட்டிதானே" என்று விடாதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மீட்பவர்கள் எல்லோரையும் சொல்லவில்லை, ஆனால் குட்டியைக் கையில் கொடுத்ததும் போனை எடுக்காத கூட்டம் ஒன்று உண்டு. செலவு யாருடையது, எந்தத் தேதியில் எடுத்துப்போவார்கள் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டு கதவைத் திறங்கள்.