கன்ட்ரோலர் பேட்டரி தேய்ந்துவிட்டால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்கும் ஆர்டர் விவரங்களும் எட்டு ஆண்டு பழைய சர்வர் ஒன்றில் உள்ளன. நான்கு டிஸ்குகள், ரெய்டு 5 அமைப்பு. ஒரு மாதமாக ஒவ்வொரு பில்லைச் சேமிக்கும்போதும் சில நொடிகள் காத்திருக்க நேர்கிறது. கன்ட்ரோலர் பேட்டரியை மாற்றும்படி ஓர் எச்சரிக்கையும் வருகிறது. பராமரிப்புக்கு வருபவரோ, பேட்டரி இல்லாவிட்டாலும் ரைட்-பேக் முறையே இயங்கும்படி அமைத்துவிட்டால் பழைய வேகம் திரும்பிவிடும், யுபிஎஸ்தான் இருக்கிறதே என்கிறார். அப்படிச் செய்யலாமா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: வேண்டாம். அந்த அமைப்பைத் தொடாமல், புதிய பேட்டரிக்கு உடனே ஏற்பாடு செய்யுங்கள்.

பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து, அவற்றில் ஒன்று பழுதானாலும் தகவல் போகாதபடி காப்பது ரெய்டு 5. அந்த டிஸ்குகளை நடத்தும் ரெய்டு கன்ட்ரோலர் அட்டையில் கேஷ் எனப்படும் நினைவகம் உண்டு. பழைய அட்டைகளில் அது 256 அல்லது 512 மெகாபைட்டாக இருக்கும். பின்னர் வந்தவற்றில் 1 ஜிகாபைட்டும் அதற்கு மேலும் உண்டு. உங்கள் மென்பொருள் ஒரு பில்லை எழுதச் சொன்னதும், கன்ட்ரோலர் அதைக் கேஷில் வாங்கி வைத்துக்கொண்டு ‘எழுதியாயிற்று’ என்று பதில் சொல்லிவிடும். டிஸ்கில் எழுதும் வேலையைப் பிறகு செய்துகொள்ளும். இதுவே ரைட்-பேக். டிஸ்கில் இறங்கும்வரை அந்தத் தகவல் மின்சாரத்தை நம்பித்தான் உயிர் வாழ்கிறது. மின்சாரம் போனால் அதைத் தாங்கிப் பிடிப்பது இந்தச் சிறு பேட்டரிதான். எடுத்துக்காட்டாக, டெல் நிறுவனத்தின் பெர்க் 6 வகை அட்டையின் பேட்டரி, ஓராண்டு உத்தரவாதக் காலத்தில் குறைந்தது 24 மணி நேரம் கேஷைக் காக்கும் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு.

பேட்டரி தேய்ந்து அந்தப் பொறுப்பை ஏற்க முடியாமல் போகும்போது, கன்ட்ரோலர் தானாகவே ரைட்-த்ரூ முறைக்கு மாறுகிறது. அதாவது, தகவல் டிஸ்கில் இறங்கிய பிறகே பதில் சொல்கிறது. நீங்கள் காணும் தாமதம் இதனால் வருவதே. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கும். எழுத வேண்டிய இடம் டிஸ்கின் எழுதும் முனைக்குக் கீழே வந்து சேரவே சராசரியாக அதில் பாதி நேரம் போய்விடும். ரெய்டு 5 அமைப்பில் ஒரு சிறு பதிவுக்குக்கூடப் பழைய தகவலையும் பழைய பாரிட்டியையும் (ஒரு டிஸ்க் பழுதானால் அதிலுள்ளதை மீட்க உதவும் கணக்கு) படித்து, புதிய தகவலையும் புதிய பாரிட்டியையும் எழுத வேண்டியிருப்பதால், டிஸ்கில் நான்கு வேலைகள் நடக்கின்றன. ஒரு பில்லுக்காக டேட்டாபேஸ் இப்படிப் பலமுறை காத்திருக்கும்போது அவை சேர்ந்து நொடிகளாகின்றன.

யுபிஎஸ் இருப்பது நல்லது; ஆனால் அது சர்வருக்கு வெளியே நிற்கிறது. சர்வரின் பவர் சப்ளை எரிந்துபோனாலோ, யாராவது கேபிளைத் தவறி உருவிவிட்டாலோ, யுபிஎஸ்ஸின் பேட்டரியே வேண்டிய நேரத்தில் கைவிட்டாலோ கேஷில் உள்ளது அழிந்துபோகும். நான் போய்ப் பார்த்த ஓர் அலுவலகத்தில், மேசைக்கு அடியில் துடைக்கும்போது பிளக் கழன்றது. யுபிஎஸ் பழுதின்றி ஓடிக்கொண்டுதான் இருந்தது. கடைசி இரண்டு மூன்று பில்கள் போனால் மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். ‘எழுதியாயிற்று’ என்ற சொல்லை நம்பியே டேட்டாபேஸ் தன் அடுத்த கணக்கைப் போடுகிறது. அந்தச் சொல் பொய்த்தால், பதிவுகளைத் தேடி எடுக்க உதவும் இண்டெக்ஸும் ஃபைல் சிஸ்டத்தின் அட்டவணையும் ஒன்றோடொன்று முரண்பட்டு, பழைய பதிவுகளையும் திறக்க முடியாத நிலை வரக்கூடும். அந்த அலுவலகத்தில் நடந்ததும் அதுதான். புதிய பேட்டரி வரும்வரை தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இந்தப் பேட்டரியை நாமே வாங்கி மாற்றலாமா? எதில் கவனம் வேண்டும்?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: சர்வரைத் திறந்து நினைவக அட்டை மாற்றிய அனுபவம் உள்ளவர் மாற்றலாம். பழைய பேட்டரியின் மேல் அச்சிட்டுள்ள பாகம் எண்ணைப் பார்த்து அதே எண்ணுள்ளதை வாங்குங்கள். உற்பத்தித் தேதியையும் கேட்டுப் பாருங்கள். லித்தியம்-அயான் செல், கடை அலமாரியில் இருந்தபடியே முதுமை அடையும். புதிய உறைக்குள் பழைய செல்லை வைத்து விற்பவர்களும் உண்டு என்பதால், விலை மிகக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

முதலில் முழு பேக்கப் எடுத்து, அதிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பாருங்கள். பிறகு இயக்க முறைமையின் வழியாகவே சர்வரை முறையாக நிறுத்துங்கள். கேஷில் மிஞ்சியிருப்பது டிஸ்குக்குப் போவது அப்போதுதான். பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைக்கக் கூடாது. இரண்டு பவர் சப்ளை இருந்தால் இரண்டு கேபிள்களையும் எடுத்துவிட்டு மூடியைத் திறக்க வேண்டும். கேஷில் இன்னும் தகவல் இருப்பதைக் காட்டும் சிறு விளக்கு பல அட்டைகளில் உண்டு. அது எரிந்தால் பேட்டரியில் கை வைக்காமல், சர்வரை மறுபடி இயக்கி, கன்ட்ரோலர் எழுதி முடிக்கும்வரை காத்திருங்கள். பேட்டரி இணைப்பை ஒயரைப் பிடித்து இழுக்காமல், பிளாஸ்டிக் முனையைப் பிடித்துக் கழற்ற வேண்டும். உடலில் சேரும் நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்காமல் தடுக்கும் பட்டை கையில் கட்டாயம்.

பழைய பேட்டரி உப்பியிருந்தால் அதை அழுத்தவோ குத்தவோ வளைக்கவோ கூடாது. எந்த நிலையில் இருந்தாலும் குப்பையில் போடாதீர்கள். இந்தியாவில் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 நடைமுறையில் இருப்பதால், விற்பவரிடமோ அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடமோ ஒப்படையுங்கள்.

மாற்றிய உடனே வேகம் திரும்பாது. புதிய பேட்டரி போதுமான அளவு சார்ஜ் ஆகும்வரை, சில மணி நேரம், ரைட்-த்ரூ முறையே நீடிக்கும். மறுநாள் கன்ட்ரோலர் மென்பொருளில் பார்க்கும்போது ‘டிஃபால்ட்’ என்ற வரியில் ரைட்-பேக் என்று கண்டு திருப்தி அடைய வேண்டாம். அது நீங்கள் விரும்பிய முறை மட்டுமே. ‘கரன்ட்’ (தற்போதையது) என்ற வரிதான் இப்போது உண்மையில் நடப்பதைச் சொல்லும். அப்படியே டிஸ்குகளின் சொந்தக் கேஷ் அணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கன்ட்ரோலரின் பேட்டரி அதைக் காப்பதில்லை.

கேள்வி: பேட்டரி புதியதுதான். ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரைநாள் போல சர்வர் மந்தமாகிவிட்டுத் தானே சரியாகிறது. ஏன்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: பேட்டரியின் உண்மையான கொள்ளளவை அறிய, கன்ட்ரோலர் அதை அவ்வப்போது வெறுமையாக்கி மறுபடி நிரப்புகிறது, இதற்கு லேர்ன் சைக்கிள் என்று பெயர். முன்பு சொன்ன பெர்க் 6 வகையில் இது 90 நாளுக்கு ஒருமுறை தானாக நடக்கும். வெறுமையாக்கச் சுமார் 3 மணி, நிரப்பச் சுமார் 4 மணி. சார்ஜ் குறைந்திருக்கும் அந்த நேரத்தில் ரைட்-த்ரூ முறை வந்துவிடுகிறது. இந்தச் சுற்றை நாமே தொடங்கவும் முடியும். ஒரு ஞாயிறு இரவில் நீங்களே தொடங்கிவிட்டால், அடுத்த 90 நாள் அங்கிருந்து எண்ணப்படும். நாள்காட்டியில் குறித்துவைத்து, அதற்கு முந்தைய ஞாயிறன்று மறுபடி செய்யுங்கள்.

அடுத்த சர்வர் வாங்கும்போது, கேஷை ஃபிளாஷ் நினைவகத்துக்கு நகல் எடுக்கும் வகையைக் கேளுங்கள். அதில் சூப்பர் கெப்பாசிட்டரோ (மின்சாரத்தைச் சிறிது நேரத்துக்குத் தேக்கி வைக்கும் பாகம்) சிறு பேட்டரியோ அந்த நகல் முடியும்வரை மட்டும் மின்சாரம் தந்தால் போதும். அதன் பிறகு மின்சாரம் வர ஒரு வாரம் ஆனாலும் தகவல் அங்கேயே இருக்கும்.