மழை தெரிகிறது, பஸ் தெரியவில்லை: சொல் கேள்வி-பதில்

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். தமிழ்த் தேர்வில் ஒரு பத்தி கொடுத்து, ‘மாமா எப்படி வந்திருப்பார்? உய்த்துணர்ந்து எழுதுக’ என்று கேட்டிருந்தார்கள். மாமா வாசலில் நின்று குடையை மடக்கினார், குடை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது, செருப்பெல்லாம் செம்மண் சேறு. பத்தியில் இருந்தது இவ்வளவுதான். ‘பஸ்ஸைத் தவறவிட்டதால் மாமா மழையில் நடந்து வந்தார்’ என்று இவள் எழுதினாள். டீச்சர் பாதி மதிப்பெண்ணைக் குறைத்து, ஓரத்தில் ‘இது ஊகம்’ என்று எழுதியிருக்கிறார். உய்த்துணர்வதும் ஊகிப்பதும் ஒன்றுதானே? (ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: ஒன்றில்லை அம்மா. டீச்சர் செய்தது சரி. முழு மதிப்பெண்ணையும் எடுக்காமல் பாதியை விட்டுவைத்தது ரொம்பச் சரி. உங்கள் மகள் ஒரே வாக்கியத்தில் இரண்டையும் செய்திருக்கிறாள். ‘மழையில் நடந்து வந்தார்’ என்பதற்குக் குடையும் சேறும் சாட்சி. எப்படிச் சொன்னாய் என்று கேட்டால் பத்தியில் விரல் வைத்துக் காட்டுவாள். அது உய்த்துணர்தல், அனுமானம் என்றும் சொல்லலாம். ‘பஸ்ஸைத் தவறவிட்டதால்’ என்பதற்கு விரல் வைக்க இடமே இல்லை. மாமா பஸ்ஸுக்குப் போகவே இல்லையோ என்னவோ! அவள் மனசில் ஒரு கதை ஓடியிருக்கிறது, அதை எழுதிவிட்டாள். அதுதான் ஊகம்.

முப்பத்தோரு ஆண்டுகள் அச்சகங்களில் புரூஃப் பார்த்தவன் நான். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் பிழைப்பு நடந்தது. கையெழுத்துப் படியில் ஒரு சொல் புரியாது, மை பரவியிருக்கும், எலி கடித்திருக்கும். அந்த இடத்தில் என்ன சொல் இருந்தது என்று தினமும் முடிவுசெய்ய வேண்டும்.

1987இல் ஒரு பெண், இறந்துபோன தன் அப்பாவுக்கு நினைவு மலர் போட வந்தார். கையால் எழுதிய பன்னிரண்டு பக்கம். முதல் பக்கத்தில், அப்பா பிறந்த ஊர்ப் பெயர் மேல் டீ சிந்தியிருந்தது. ‘க’ தெரிந்தது, கடைசியில் ‘ரில்’ தெரிந்தது. நான் ‘கரூரில்’ என்று போட்டுக்கொடுத்தேன். என் மாமனார் ஊர் கரூர், வாயில் அதுதான் வந்தது. அச்சாகி வந்த பிறகு அந்தப் பெண் முதல் பக்கத்தைத் திறந்து, அந்த வரியில் விரலை வைத்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்பா பிறந்தது கடலூர். முந்நூறு பிரதியிலும் கரூர்.

அப்புறம்தான் கையெழுத்துப் படியை முழுசாகப் படித்தேன். மூன்றாம் பக்கத்திலேயே, சின்ன வயதில் விடியற்காலையில் கட்டுமரம் தள்ளப் போன கதை இருக்கிறது. கரூரில் ஏது கடல்? இரண்டு பக்கம் தள்ளிப் படித்திருந்தால், அதே ‘க’வையும் ‘ரில்’லையும் வைத்துக் கடலூர் என்று நியாயமாகவே வந்து சேர்ந்திருப்பேன். கண்ணுக்கு முன்னால் கிடந்த சாட்சியைப் பார்க்காமல் மாமனார் ஊரைப் போட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வலிக்கிறது.

அதன் பிறகு நான் பழகிக்கொண்ட முறையை, எல்லோருக்கும் தெரிந்த முதல் குறளை வைத்தே சொல்கிறேன். ‘அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு’. இந்தக் குறளை நாம் கேட்டதே இல்லை, ஓர் ஓலையில்தான் முதன்முதலாகப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘பகவன்’ என்ற சொல்லில் நடு எழுத்தைப் பூச்சி தின்றுவிட்டது. ‘ப’, ஓட்டை, ‘வன்’. முதல் அடி ‘அகர’ என்று தொடங்குகிறது, அதில் இரண்டாம் எழுத்து ‘க’. எதுகைப்படி, அதாவது அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றிவர வேண்டும் என்ற முறைப்படி, இங்கேயும் ‘க’தான் வர வேண்டும். தைரியமாகப் போடலாம்.

சரி, பூச்சி முதல் எழுத்தைத் தின்றிருந்தால்? ‘கவன்’ மட்டும் மிச்சம். எதுகையில் முதல் எழுத்துகள் அளவில் ஒத்திருக்க வேண்டும். ‘அகர’வில் ‘அ’ குறில், ஆகவே இங்கேயும் குறில். வெண்பாத் தளையும், அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் விதியும், அதையே சொல்கிறது: ‘ஆதி’ மாச்சீர் என்ற வகை, அதற்கு அடுத்த சீர் நிரையில்தான் (குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ இணைந்த அசை) தொடங்க முடியும், நெடில் வந்தால் தளை தட்டும். இரண்டு தனித்தனி வழியாக வந்து ஒரே இடத்தில் நிற்கிறோம். ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டும்! தொலைந்தது ஒரு குறில் என்பது வரைதான் நமக்குத் தெரியும். இன்னோர் ஓலை கிடைக்காமல் ‘அது ப-தான்’ என்றால் அது ஊகம். அந்த ஊகம் இங்கே சரியாகவே இருக்கும் என்பதையும் கவனியுங்கள். சரியாக இருப்பதால் அது அனுமானமாகிவிடாது.

உ.வே.சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த நூல் புறநானூறு. அதன் பிற்பகுதியைப் புரட்டினால் சில பாட்டுகளின் நடுவே, ஓலை சிதைந்த இடங்களில், வெறும் புள்ளிகள் ஓடும். 267, 268ஆம் பாட்டுகள் இல்லவே இல்லை. அவ்வளவு தமிழ் படித்தவருக்கு நாலு சீர் இட்டு நிரப்பத் தெரியாதா? இட்டிருந்தால் நாம் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டோம். அந்தப் புள்ளிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் மேல் மரியாதை கூடுகிறது.

உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: முதல் பாதி அருமை, பஸ்ஸை ஒரு கதையில் எழுதட்டும்.

கேள்வி: பக்கத்து வீட்டைப் பற்றி ஏதாவது பேச்சு வந்தால் ‘நெருப்பில்லாமல் புகையாது’ என்கிறார்கள். புகையை வைத்து நெருப்பைச் சொல்வது அனுமானம்தானே? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: புகையை வைத்துச் சொன்னால் அனுமானம்தான். மணிமேகலைக் காப்பியத்தில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இதே எடுத்துக்காட்டு வருகிறது. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையில் பார்க்கிறோமே அதைப் போல. எல்லோரும் தினம் பார்க்கிற அடுக்களையைச் சாத்தனார் சாட்சிக்கு இழுத்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் அதே காதையில் போலி ஏதுக்களின், அதாவது காரணம் போலத் தோன்றி ஏமாற்றுபவற்றின், பட்டியலும் இருக்கிறது. தெரிவது ஆவியா பனியா புகையா என்ற சந்தேகமே தீராமல், ‘புகை, ஆகவே நெருப்பு’ என்று துணிவது அதில் ஒரு குற்றம். மார்கழிக் காலையில் தூரத்துத் தோப்பைப் பாருங்கள், விளங்கும். பக்கத்து வீட்டுப் பேச்சில் நீங்கள் கேட்க வேண்டியது நெருப்பைப் பற்றி இல்லை. ‘நீங்கள் பார்த்தது புகைதானா?’ என்று கேளுங்கள். முக்கால்வாசி நேரம் யாரும் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள், யாரோ சொன்னதாக இன்னொருவர் சொல்லியிருப்பார். பழமொழி வடிவில் வருவதால் மட்டும் அது அனுமானம் ஆகாது. இதில் ஒரு குடும்பத்தின் மானம் போகிறது.

கேள்வி: ஒழுங்காகக் காரணம் காட்டிச் சொன்ன அனுமானம் தப்பாகிப்போனால், அதை ஊகம் என்று சொல்லிவிடலாமா? (ஒரு கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: கூடாது. பிரான்ஸ் நாட்டு வானியலாளர் லெவெரியே ஒருவர் கதையே போதும். யுரேனஸ் கணக்குப்படி ஓடாமல் கொஞ்சம் விலகி ஓடியது. வெளியே இன்னொரு கோள் இருந்து இழுக்கிறது என்று அவர் கணக்குப் போட்டு, அது இருக்கும் இடத்தையும் சொன்னார். 1846 செப்டம்பர் 23 இரவு, பெர்லினில் காலே என்ற வானியலாளர் தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் நெப்டியூன்!

அதே லெவெரியே, புதனின் ஓட்டத்திலும் ஒரு சின்ன விலகலைக் கண்டார். இதற்கும் ஒரு கோள் காரணமாக இருக்க வேண்டும், அது சூரியனுக்கு இன்னும் அருகில் இருக்க வேண்டும் என்று 1859இல் சொன்னார். வல்கன் என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது. பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள், ஆனால் அப்படி ஒரு கோள் இல்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல்தான் அந்த விலகலுக்கு விடை சொன்னது. லெவெரியே இரண்டு முறையும் செய்தது அனுமானம்தான். விலகல் உண்மை, அவர் காட்டிய காரணங்கள் நியாயமானவை. காரணங்களைத் திறந்து வைத்திருந்ததால்தான், எந்த இடத்தில் பிசகியது என்று பின்னால் வந்தவர்கள் தேட முடிந்தது. ஊகம் தப்பினால் அப்படித் தேட ஒன்றும் இருக்காது. நான் கரூர் போட்டதற்கு என்ன காரணத்தைப் போய் ஆராய்வது?

கேள்வி: ஊகமா, யூகமா? (ஒரு வாசகி, காரைக்குடி)

பதில்: வடமொழி ‘ஊஹ’ என்பதிலிருந்து வந்ததால் ஊகம். பேச்சில் முன்னால் ஒரு யகரம் ஒட்டி யூகம் ஆனது, அகராதிகளும் ஏற்றுக்கொண்டன. நான் ‘ஊகம்’ என்றுதான் திருத்துவேன். ஆனால் ஒருவர் தொடக்கம் முதல் கடைசி வரை யூகம் என்றே எழுதியிருந்தால் கைவைக்க மாட்டேன்.